செத்தது மத்தியானமா, விடியற்காலையா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் ஆரல்வாய்மொழி. கணவருக்குக் காற்றாலைப் பராமரிப்பில் வேலை. மூன்று வருடமாக ஜெய்சல்மர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். போன நவம்பரில் பன்னிரண்டு பெட்டையும் இரண்டு சேவலும் வாங்கி, கல் மதிலை ஒட்டி, பழைய மரக்கட்டை வைத்துத் தகரக் கூரை போட்டு வளர்த்தேன். மே கடைசியில் மூன்று கோழிகள் மத்தியானத்தில் வாயைப் பிளந்தபடியே செத்துவிட்டன. மூன்றும் ஜோத்பூரிலிருந்து வாங்கி வந்த கனத்த கோழிகள். ஜூனில் இரண்டு, காலையில் கூட்டைத் திறந்தால் செத்துக் கிடந்தன. மிச்சம் உள்ளவற்றுக்கும் கொண்டை வெளுத்திருக்கிறது. இரண்டு கோழிகள் இப்போது கூட்டுக்குள் போகாமல் கேஜ்ரி மரத்தில் ஏறி அடைகின்றன. போர் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தும் பயனில்லை. முட்டை ஓடு காகிதம் மாதிரி இருக்கிறது. ஏப்ரலில் பதினொரு முட்டை அடை வைத்ததில் ஒரே ஒரு குஞ்சுதான் பொரித்தது. ஃபேன் போடலாமா? இந்த வெயிலுக்கு எந்த இனம் தாங்கும்? அடுத்த அடை எப்போது வைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தக் கோழி எந்த நேரத்தில் செத்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்கு ஒரு நன்றி. பெரும்பாலும் "அஞ்சு போச்சு டாக்டர்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். வெக்கையில் சாகிற கோழி மத்தியானம் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் சாகும். ராத்திரி மண் குளிர்ந்த பிறகு, விடியற்காலையில், அடைகிற கட்டைக்குக் கீழே விறைத்துக் கிடக்கிற கோழிக்கு வேறு காரணம் தேட வேண்டும். ஆகவே உங்கள் ஐந்து சாவையும் ஒரே கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. மே மாதத்து மூன்றும் வெயில். ஜூன் மாதத்து இரண்டின் மேல்தான் என் சந்தேகம்.

இன்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போங்கள். கோழிகள் அடைந்திருக்கும் கட்டையின் அடிப்பக்கம், கட்டை மதிலில் செருகியிருக்கும் இடம், கோழியின் கால், இறக்கைக்கு அடி இதையெல்லாம் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். தட்டையாக, ஊறவைத்த மொச்சை மாதிரி, நீலமும் சிவப்புமாக ஏதாவது நகர்ந்தால் அது கோழி உண்ணி. பகலில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. கல் இடுக்கிலும் மரப் பிளவிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு பழைய கத்தியை அந்த இடுக்குகளில் விட்டு நெம்பினால் கொத்துக் கொத்தாக வரும். இறக்கைக்கு அடியில் கறுப்புப் புள்ளிபோல் கடித்துத் தொங்குபவை அதன் குஞ்சுகள். அவை மட்டும் பகலிலும் சில நாள் உடம்பிலேயே இருக்கும்.

வறண்ட நாடுகளில் கோழிக்கு வரும் பெரிய பீடை இதுதான். கூட்டைக் காலி செய்து ஒரு வருடம் பூட்டிப் போட்டாலும் வளர்ந்த உண்ணி பட்டினி கிடந்தே உயிரோடு இருக்கும். நீங்களோ கல் மதிலை ஒட்டி, பழைய மரக்கட்டை வைத்துக் கூடு கட்டியிருக்கிறீர்கள். அதற்கு வேண்டிய எல்லா வசதியும் செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ரத்தம் போவதால் கொண்டை வெளுக்கும். அதோடு ஒரு காய்ச்சலையும் பரப்பும்: பச்சையாகக் கழியும், தலை தொங்கும், தண்ணீராகக் குடிக்கும், ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். கண்டுபிடித்தால் பென்சிலினுக்கு நன்றாகவே கேட்கும். அதனால் அடுத்த முறை காலையில் ஒன்று செத்துக் கிடந்தால், புதைக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் போட்டு, அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக்கு அங்கே "சிச்சடி" என்றால் புரிந்துகொள்வார்கள்.

மரத்தில் ஏறி அடைகிற அந்த இரண்டு கோழிகளைத் திட்டாதீர்கள். கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

பழைய கட்டையை எரித்துவிடுங்கள். மதிலிலிருந்து ஒரு முழம் தள்ளி, நாலு கால் உள்ள ஒரு ஸ்டாண்டு செய்து, அதில் பிளவில்லாத வழவழப்பான கட்டையைப் போடுங்கள். ஒவ்வொரு காலும் ஒரு தகர டப்பாவில் நிற்கட்டும், டப்பாவில் பழைய ஆயில். காற்றாலைக்காரர் வீட்டில் கழித்த கியர் ஆயிலுக்கா பஞ்சம்? கோழி அதில் வாய் வைக்காதபடி மேலே ஒரு மூடி மட்டும் மறக்க வேண்டாம். மதில் இடுக்குகளைச் சுண்ணாம்பும் மண்ணும் குழைத்து அடைத்துவிட்டு, மேலே கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். மருந்து அடிப்பதானால் கோழிக்கூட்டுக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்கி, கோழிகளை வெளியே விட்டுவிட்டு அடித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். முதல் தடவையில் தப்பிய உண்ணி முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் கலந்து கோழி மேல் ஊற்றுகிற பழக்கம் நம் ஊரிலும் உண்டு, அங்கேயும் உண்டு. அது உண்ணியைக் கொல்வதற்கு முன்னால் கோழியைக் கொன்றுவிடும்.

சரி, இனி வெயிலுக்கு வருவோம்.

2016 மே 19 அன்று உங்களுக்குக் கிழக்கே ஃபலோடியில் 51 டிகிரி பதிவானது. கோழியின் உடம்புச் சூடே சாதாரணமாக 41 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து, தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைத் தணித்துக்கொள்ளும். 30 டிகிரியைத் தொடும்போதே இரைக்க ஆரம்பித்துவிடும். இப்போது உங்கள் ஃபேன் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றே 44 டிகிரியில் இருக்கும்போது 41 டிகிரி உடம்பின் மேல் அதை வேகமாக அடித்தால் என்ன ஆகும்? சூடு ஏறும். மனிதர்களுக்கு வியர்வை இருப்பதால் சமாளித்துக்கொள்கிறோம். கோழிக்கு அந்த வழியில்லை. வெறும் ஃபேன் வேண்டாம்.

ஆனால் அதே ஃபேனுக்கு முன்னால் ஒரு நனைந்த சாக்கு தொங்கினால் கதையே வேறு. மே மாதப் பிற்பகலில் உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் 20 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். அத்தனை வறண்ட காற்று ஈரச் சாக்கின் வழியே நுழைந்தால் பத்து டிகிரி குறைந்து வெளியே வருவது பெரிய அதிசயமில்லை. நம் கடற்கரை ஊர்களில் இந்த வித்தை பலிக்காது, புழுக்கம்தான் கூடும். அங்கே லூ என்கிற கோடை அனல்காற்று வீசுகிற மேற்குப் பக்கத்தில் சணல் சாக்கைக் கட்டி, பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை நனைத்துக்கொண்டே இருங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் காற்றே ஃபேனாகிவிடும். துணி அலசிய கடைசித் தண்ணீர் போதும், குடத்துத் தண்ணீரை வீணாக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் மழைக்காற்று வந்துவிட்டால் பலன் குறையும். அப்போது சாக்கைச் சுருட்டிவிட்டு நாலு பக்கமும் திறந்துவிடுங்கள்.

தகரக் கூரையைப் பிடுங்க வேண்டியதில்லை. அதற்கு மேலே அரை அடி இடைவெளி விட்டு ஒரு கூரை வேயுங்கள். உங்கள் பக்கத்து வீட்டு வட்டக் குடிசைக்கு என்ன புல், என்ன தட்டை போட்டிருக்கிறார்களோ அதையே போடுங்கள். அந்த மண்ணில் எத்தனையோ தலைமுறை வெயிலைப் பார்த்த கூரை அது. அப்புறம் அந்தக் கேஜ்ரி மரம். அது வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் நிற்கிற வன்னி மரம்தான். அதன் நிழலில் அரை அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டி, காலை பத்து மணிவாக்கில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கோழிகள் தாமாகவே போய் வயிறு பட இறக்கையை விரித்துப் படுத்துக்கொள்ளும். வளர்த்தவர்கள் செலவழித்துச் செய்த எத்தனையோ ஏற்பாடுகளை விட்டுவிட்டு, கோழிகள் இந்த ஈரக் குழியைத் தேடிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் போடுங்கள். செரிமானமே சூடு கிளப்பும் வேலை. மத்தியானம் வயிறு காலியாக இருப்பது நல்லது. கம்பு அங்கே மலிவு, தாராளமாகப் போடுங்கள். கொத்தவரைப் புண்ணாக்கும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் பிசின் தங்கியிருப்பதால் கொஞ்சம் அதிகமானாலும் எச்சம் பசைபோல் ஒட்டும், எடை நிற்கும். கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புரதத்துக்கு நம் ஊர் முறை ஒன்று அங்கே அருமையாகப் பலிக்கும்: பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி கடையில் கிடைக்காது.

தண்ணீர் விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போர் தண்ணீரில் உப்பு கலந்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் ஏற்கெனவே உப்புக் கரித்துக் கிடக்கிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 3,000-ஐத் தாண்டினால் தண்ணீராகக் கழியும், அதற்கு மேல் போகப் போகச் சாவு வரும். வீட்டில் ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வைத்திருக்கும் யாரிடமாவது இந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், வாங்கி அளந்து பாருங்கள். தரையடித் தொட்டியில் பிடித்து வைத்த மழைநீரோ கால்வாய்த் தண்ணீரோ கிடைத்தால் கோழிக்கு அதை வையுங்கள். வெக்கை நாளில் ஒரு கோழி அரை லிட்டர் வரை குடிக்கும். ஆனால் சூடான தண்ணீரைத் தொடாது, தாகத்தோடேயே நிற்கும். பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, மண்சட்டியை நிழலில் பாதி புதைத்து வையுங்கள். குஞ்சுகள் இருக்கும்போது சட்டியில் நாலு கூழாங்கல் போடுங்கள், விழுந்து மூழ்காமல் இருக்கும்.

ஒரு கோழி சுருண்டு விழுந்துவிட்டால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வாளியில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, கழுத்துக்குக் கீழே முழு உடம்பையும் முக்கி எடுத்து, நிழலில் காற்றுப் படும்படி வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். கொண்டை, தாடி, கால் மூன்றையும் நனைத்துக்கொண்டே இருங்கள்.

முட்டை ஓடு மெலிவதற்கும் அந்த இரைப்புதான் காரணம். விடாமல் இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். போதாததற்குத் தீனியும் குறைகிறது. சுண்ணாம்புக்கல் குருணையைத் தனிச் சட்டியில் சாயங்காலம் வையுங்கள். ஓடு ராத்திரியில்தான் உருவாகும், அந்த நேரத்தில் வயிற்றில் இருந்தால் உதவும். ஜெய்சல்மர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் கிடைக்காமல் போகாது.

இனி அந்தப் பதினொரு முட்டை. பொரிக்காத பத்தையும் தூக்கி எறிந்திருப்பீர்கள். அடுத்த முறை எறியாமல் உடைத்துப் பாருங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கரு கூடவில்லை, சேவல் பக்கத்துக் குறை. கடும் வெயிலில் சேவலின் விந்துத் தரம் இறங்கிவிடும், குளிர்ந்த பிறகும் தேறச் சில வாரம் பிடிக்கும். மெல்லிய ரத்த வளையம் ஒன்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே கரு செத்திருக்கிறது. முழுக் குஞ்சாக வளர்ந்து, சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டி, மூக்கு வைத்தும் வெளியே வர முடியாமல் செத்திருந்தால் ஈரப்பதம் போதவில்லை. நம் ஊரில் மூன்றையும் சேர்த்துக் கூமுட்டை என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம்.

நீங்கள் அடை வைத்தது ஏப்ரலில். அதனால் உங்களுடையதில் பாதிக்கு மேல் ரத்த வளையமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். பதினொரு முட்டை சேர ஒரு வாரமாவது ஆகியிருக்கும். அதுவரை அடுக்களையில் ஒரு கூடையில் வைத்திருப்பீர்கள். அடுக்களையில் 36, 38 டிகிரி. 24 டிகிரியைத் தாண்டினாலே, கோழி உட்காராமலேயே, முட்டைக்குள் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். பகலில் கொஞ்சம் வளர்ந்து ராத்திரியில் நின்று, மறுநாள் மறுபடி வளர்ந்து, அடைக்குப் போகும்முன் பாதி உயிர் போயிருக்கும். ஃபிரிட்ஜின் குளிரும் கருவுக்கு ஆகாது. ஒரு பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை இறக்கி, நடுவில் மணல் நிரப்பி, மணலை ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பானைக்குள் உலர்ந்த துணி விரித்து, கூர் முனை கீழே இருக்கும்படி முட்டையை அடுக்கி, ஈரத்துணியால் வாயை மூடுங்கள். அந்த வறண்ட காற்றில் இது நன்றாகக் குளிரும். அப்படியும் ஆறேழு நாளுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம்.

அடை வைக்கும் காலத்தையும் மாற்ற வேண்டும். தீபாவளி முடிந்ததும் ஒரு அடை, பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு அடை. மார்ச் பாதிக்குப் பிறகு கோழி எவ்வளவு கெஞ்சினாலும் வைக்காதீர்கள். நடுவில் டிசம்பர், ஜனவரியில் சில ராத்திரிகளில் குளிர் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கும். தீபாவளிக் குஞ்சுகளைத் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் மூடி, மேலே கம்பளி போட்டுக் காற்றுக்கு வழி விடுங்கள். அடைக்கூடையில் வைக்கோலுக்கு அடியில் மூன்று விரல் கனத்துக்கு ஈர மணல் பரப்புங்கள். பதினெட்டாம் நாளிலிருந்து கோழி தீனிக்கு இறங்கும் நேரத்தில் மணலின் ஓரத்தில் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்கலாம். நம் அம்மாமார் கூடையில் இரும்புத் துண்டும் மிளகாய் வற்றலும் போடச் சொல்வார்கள். போட்டால் கெடுதலில்லை, ஆனால் ஈர மணல் செய்கிற வேலையை இரும்பு செய்யாது. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்திபோல் நரம்பு ஓடியிருந்தால் கரு பிடித்திருக்கிறது. மற்றதை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, ராத்திரியில் அடைக்கூடைக்குள் வெறும் கையை விடவே கூடாது. சுருட்டை விரியன் நிறைய உள்ள மண் அது.

எந்த இனம் என்று கேட்டீர்கள். செத்த மூன்றும் கனத்த கோழிகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரிய உடம்பிலிருந்து சூடு சீக்கிரம் இறங்காது. உதய்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பிரதாப்தன் அந்த மாநிலத்துக் கொல்லைப்புறத்துக்கென்றே வந்தது. மேவார்ப் பக்கத்து நாட்டுக்கோழி மேவாரி. இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். மொட்டைக் கழுத்துக் கோழி எங்கேனும் கண்ணில் பட்டால் அழகு பார்க்காமல் வாங்கிவிடுங்கள். அதற்குப் பொதுவாகவே இறகு குறைவு, சூடு சட்டென்று இறங்கும். அப்படி ஒரு சேவல் இருந்தால் சாதாரணப் பெட்டையோடு கலந்தாலும் குஞ்சுகளில் பாதியாவது மொட்டைக் கழுத்தாக வரும். ஊரிலிருந்து ரயிலில் நம் சிறுவிடை நாட்டுக்கோழி கொண்டுவரலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஆசை புரிகிறது, ஆனால் என் ஓட்டு உங்கள் கிராமத்திலேயே நாலு கோடை பார்த்த நாட்டுக்கோழிக்குத்தான். ஏழு பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். இரண்டு இருந்தால் பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. இருக்கிற இரண்டையும் கொடுத்துவிட்டு வேறொரு வீட்டிலிருந்து ஒன்று மாற்றி வாங்குங்கள். ஒரே கூட்டத்துக்குள் கலந்துகொண்டே போனால் சில தலைமுறையில் பொரிப்பு குறையும். அக்கம்பக்கத்தில் முட்டையே தொடாத வீடுகள் இருக்கும். புதுச் சேவல் நாலு மணிக்குக் கூவப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தடுப்பூசி பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதனால் போடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் ஊசி. இதில் பாலைவனத்துக்கு உரிய சங்கடம் ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் உங்கள் பக்கத்து மாவட்டமான பார்மர்ப் பக்கம் இரண்டு கோடை இருந்தேன். ஒரு நாள் தெர்மாஸில் மருந்தை எடுத்துக்கொண்டு மத்தியானத்தில் பைக்கில் போனேன். போய்த் திறந்தால் ஐஸ் முழுக்க உருகி, தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. திரும்பிப் போக மனமில்லாமல் அதையே போட்டுவிட்டு வந்தேன். ஐந்தாறு வாரத்தில் அந்த வீட்டுக் கோழிகளுக்குக் கழிச்சல் வந்து ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மோர் கொடுத்து அனுப்பினார். அதனால்தான் சொல்கிறேன்: மருந்தை விடியற்காலையில் வாங்கி, ஐஸோடு கொண்டுவந்து, வெயில் ஏறும்முன் போட்டு முடித்துவிடுங்கள். மயில்கள் முற்றத்துக்கு வந்து கோழிச்சட்டியில் தண்ணீர் குடித்தால், அவற்றுக்குத் தனியாகத் தள்ளி ஒரு சட்டி வையுங்கள். கழிச்சல் அவற்றுக்கும் வரும்.

ஏப்ரலில் பொரித்த அந்த ஒற்றைக் குஞ்சு சேவலா, பெட்டையா என்று எழுதவில்லை. மே, ஜூன் இரண்டையும் தாண்டி உயிரோடு இருக்கிறதென்றால் அதை விற்றுவிட வேண்டாம். பெட்டையாக இருந்தால் புதுச் சேவல் வரும்வரை வைத்திருந்து, அதன் முட்டையைப் பிப்ரவரி அடையில் சேருங்கள். சேவலாக இருந்தால் காலில் ஒரு வளையம் போட்டு, ராஜஸ்தான் கோழி வைத்திருக்கும் வேறு யாரிடமாவது கொடுத்து, பதிலுக்கு அவர்கள் சேவலை வாங்கிக்கொள்ளுங்கள். டார்ச் அடித்துப் பார்த்ததில் என்ன கிடைத்தது என்பதையும் எழுதுங்கள்.